ஒரு ஒழுங்கைக்கு இரண்டு அமாவாசை

காகம் தின்னாமல் எனக்குச் சோறு இல்லை. அமாவாசை நாளில் எங்கள் வீட்டுச் சட்டம் அது. அப்பா செத்து ஆறு வருடம். அமாவாசைக்கு நான் விரதம் இருக்க வேண்டும், அம்மா சமைப்பார், மதிலில் வாழையிலைத் துண்டு ஒன்றில் சோறும் கறியும் வைத்து "கா... கா..." என்று கூப்பிட வேண்டும். ஒரு காகமாவது வந்து வாய் வைத்த பிறகுதான் எனக்கு இலை விழும். நான் வேலை செய்வது பருத்தித்துறைப் பக்கம் ஓர் ஐஸ் தொழிற்சாலையில், இரவு வேலை. காலை ஆறரைக்கு நெல்லியடிக்குத் திரும்பி வருகிறவன் வெறும் தேத்தண்ணியோடு மதியம் வரை ஒரு காகத்துக்காகக் காத்திருப்பது பக்தியால் அல்ல. பசியால்.

அதனால்தான் என் நேரக் குறிப்புகள் சரியானவை. பசித்தவன் சோறு வந்த நேரத்தைப் பிழையாக எழுத மாட்டான். இதை விசாரணைக் குழுவிடமும் சொன்னேன். அவர்கள் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

விசாரணை என் மேல் இல்லை. கலாநிதி சுபாஜினியின் மேல்.

சுபாஜினி மிஸ்ஸை மூன்று வருடமாக நான் நேரில் கண்டதில்லை. அவர் என் போனுக்குள் இருந்தார். உயர்தரத்தில் எனக்கு வந்த பெறுபேறு எந்தப் பல்கலைக்கழக வளாகத்துக்கும் போதாது. வடகரைத் திறந்த கற்கை நிறுவகம் இணையவழியில் விஞ்ஞானப் பட்டம் கொடுக்கிறது என்றார்கள், சேர்ந்தேன். அங்கே விலங்கு நடத்தை என்று ஒரு பாடம். முதல் நாள் திரையில் ஒரு பெண், கண்ணாடி, கொண்டை, பின்னால் வெறும் சுவர். வணக்கம் சொல்லவில்லை.

"காகத்துக்கு ஆர் படிப்பிச்சது? ஒருத்தரும் இல்லை. பார்த்துப் பார்த்துத் தானாப் படிச்சது. நீங்களும் அப்பிடித்தான் இந்தப் போனிலை படிக்கப் போறியள். முறைப்பாடு இருந்தால் காகத்திட்டைச் சொல்லுங்கோ."

அவருடைய கதை பிறகுதான் தெரிய வந்தது. மீன் சந்தைக் காகங்களில் கலாநிதிப் பட்டம் செய்தவர். எந்த வியாபாரியிடம் களவெடுக்கலாம், எவர் கல்லெறிவார் என்பதைக் காகம் எப்படிப் பழகுகிறது என்று நான்கு வருடம் சந்தையில் மீன் நாற்றத்தில் நின்றவர். முடித்துவிட்டு வேலை தேடியபோது விலங்கியலில் இடம் இல்லை. இணையவழிக் கற்கைப் பிரிவில் இருந்தது. "கொம்பியூட்டர் தெரியுமோ?" என்று கேட்டார்களாம். "தெரியாது. பழகுவன்" என்றாராம். அப்படியே பதினான்கு வருடம். விலங்கியல்காரர் அவரைக் கொம்பியூட்டர்காரி என்றார்கள். கொம்பியூட்டர்காரர் காக்கா மிஸ் என்றார்கள்.

அவர் காகத்தைப் பார்த்த மாதிரியே எங்களையும் பார்த்தார். பாட வீடியோவின் ஒன்பதாவது நிமிடத்தில் முக்கால்வாசிப் பேர் ஓடிவிடுகிறார்கள் என்று எண்ணிக் கண்டுபிடித்தார். திட்டவில்லை. அடுத்த கிழமையிலிருந்து பாடம் எட்டு நிமிடம்.

செய்முறைக்கு ஆய்வுகூடம் இல்லை. "உங்கடை மதில்தான் ஆய்வுகூடம்" என்றார். போனில் ஒரு படிவம். அமாவாசைக்கு முதல் நாள், அமாவாசை, அடுத்த நாள் என்று மூன்று நாளும் பதினொன்றரையிலிருந்து ஒரு மணி நேரம் மதிலைப் பார்க்க வேண்டும். காகம் வந்த நேரம், சோறு வைத்த நேரம், முதலில் எடுத்தது என்ன, எத்தனை காகம். அன்று வீட்டில் அமாவாசை என்றால் ஒரு பெட்டியில் சரி போட வேண்டும். கடைசியில் 'வேறு குறிப்புகள்'. நாற்பத்தொரு வீடுகள். பண்டத்தரிப்பிலிருந்து நெல்லியடி வரை நாற்பத்தொரு மதில்கள். நான் பதினேழாம் இலக்கம்.

இரண்டாம் வருடத்தின் நடுவில் படிப்பை விட்டேன். இரவில் ஐஸ் கட்டி இழுக்கிறவனுக்குப் பகலில் உயிர்வேதியியல் ஏறாது. காரணம் அவ்வளவுதான், யாரும் எனக்குச் சதி செய்யவில்லை. மிஸ்ஸுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"மிஸ், நான் விட்டிட்டன்."

"எதை விட்டனீர்? சோதனையையோ, காகத்தையோ?"

"சோதனையை."

"அப்ப வாற அமாவாசைக்குப் படிவத்தை அனுப்பும்" என்றார். வைத்துவிட்டார்.

அனுப்பினேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எப்படியும் அந்த நேரம் மதிலைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். என்னைப் போல் படிப்பை விட்டும் படிவத்தை விடாதவர்கள் ஒன்பது பேர் என்று பிறகு அறிந்தேன்.

மூன்று வருடக் குறிப்புகளையும் சேர்த்து மிஸ் ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம் இதுதான்: விரத நாளில் காகம் கூப்பிட்ட பிறகு வருவதில்லை. சோறு வைப்பதற்கு முன்னரே வந்து மதிலில் இருக்கிறது. அந்த வீட்டு ஆட்கள் அன்று வழமைக்கு மாறாக நடப்பதைப் பார்த்து, இன்று இங்கே சோறு விழும் என்று அறிந்து வருகிறது. வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. எழுதியவர்கள் என்று நாற்பத்திரண்டு பெயர்கள். சுபாஜினி முதலில். பிறகு நாங்கள் நாற்பத்தொரு பேர். 'ஜெயரூபன்' என்று என் பெயரை, சரிபார்க்க அனுப்பிய படியில், ஆங்கில எழுத்தில் அச்சாகக் கண்டது அதுதான் முதல் தடவை. சம்பளச் சிட்டையை நான் கணக்கில் எடுப்பதில்லை.

அதே கட்டுரையை வைத்துத்தான் அவர் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தார். அப்போதுதான் முறைப்பாடு கிளம்பியது.

*

போன் வந்தது ஒரு காலை பத்து ஐம்பதுக்கு. பதினொன்றேகாலுக்கு எழும்ப அலாரம் வைத்துவிட்டுப் படுத்திருந்தேன். மறுநாள் எங்களுக்கு அமாவாசை, ஆகவே அன்றும் மதில் பார்க்க வேண்டும்.

"தம்பி ஜெயரூபனோ? நான் பேராசிரியர் சோமசேகரம் கதைக்கிறன். நிறுவகத்திலையிருந்து, விசாரணைக் குழுத் தலைவர்."

"ஓம் சேர்."

"நித்திரையைக் குழப்பிப்போட்டனோ?"

"ஓம்."

அவர் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. ஒருமுறை செருமினார். பிறகு விடயத்துக்கு வந்தார். கட்டுரையின் தரவுகளில் ஒரு பெரிய பிழை அகப்பட்டிருக்கிறது. சுபாஜினி பிழை செய்தார் என்று அவர் சொல்லவில்லை, பாவம், பிள்ளைகள் வீட்டிலிருந்து கண்டபடி நிரப்பி அனுப்பியிருக்கிறார்கள். பதினொரு வீடுகளின் திகதிகள் முட்டுகின்றன. அதில் என் வீடும் ஒன்று.

"என்ன முட்டுது சேர்?"

"ஒரே ஊர், ஒரே மாதம். ஒரு வீட்டிலை செவ்வாய்க்கிழமை அமாவாசை எண்டு சரி போட்டிருக்கு. பக்கத்திலை புதன்கிழமை எண்டு போட்டிருக்கு. மாதத்திலை ரெண்டு அமாவாசை வருமோ தம்பி? கொழும்பிலையிருந்து ஒரு புள்ளிவிபரக்காரர் கண்டுபிடிச்சவர்."

"நான் பார்த்துத்தான் எழுதினனான்."

"பார்த்திருப்பீர். ஆனா நித்திரைத் தூக்கத்திலை திகதி மாறியிருக்கும், என்ன? ஒரு சின்னக் கடிதம் தாரும். ஞாபகத்திலையிருந்து எழுதினது, திகதியளுக்கு உத்தரவாதம் இல்லை எண்டு. உம்மடை பதிவு ரத்தாகியிருக்கல்லோ, அதை நான் திரும்ப எடுத்துத் தாறன். ரெண்டாம் வருசத்திலையிருந்து தொடரலாம். அம்மா சந்தோசப்படுவா."

என் அம்மாவை அவருக்குத் தெரியாது. வியாழக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

அம்மா சமையலை விட்டுக் குசினி வாசலில் நின்று எல்லாம் கேட்டுவிட்டார்.

"திரும்பப் படிக்கலாம் எண்டோ சொன்னவர்?"

"ஓம். பொய்க் கையெழுத்து வச்சால்."

"நீ பொய்யே சொல்லாத ஆள்தானே. போன மாதம் காய்ச்சல் எண்டு பக்டரிக்கு அறிவிச்சுப்போட்டுக் கிரிக்கெட் பார்த்தது ஆர்?"

"அது வேறை."

"எது வேறை? காகத்துக்காகப் படிப்பை விடுற முதல் ஆள் நீதான்ரா" என்றார் அம்மா. கோபத்தில் அல்ல. ஆசையில். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கிணற்றடிக்குப் போனேன்.

முகத்தைக் கழுவிவிட்டு நிமிர்ந்தால் எங்கள் மதில் வெறுமை. ஒழுங்கைக்கு, எங்கள் குறுந்தெருவுக்கு, அந்தப் பக்கம் வாகீசன் அண்ணையின் மதிலில் நாலு காகம் வரிசையாக இருக்கின்றன. வாகீசன் அண்ணை பருத்தித்துறை வழியில் பஸ் ஓட்டுகிறவர். அவருக்கும் அப்பா இல்லை. வேட்டி கட்டி, வெறும் மேலோடு, கையில் இலையோடு வந்தார்.

"அண்ணை, இண்டைக்கோ?"

"இண்டைக்குத்தானே. நீங்கள் வாக்கியக்காரருக்கு நாளைக்கு. உங்கடை சந்திரன் கொஞ்சம் ஆறுதலா வாறவர்" என்று சிரித்துவிட்டு "கா... கா..." என்று தொடங்கினார்.

நான் துவாயோடு அப்படியே நின்றேன்.

எங்கள் ஊரில் இரண்டு பஞ்சாங்கம் இருக்கின்றன. ஒன்று வாக்கியம், பழைய கணக்கு. மற்றது திருக்கணிதம், திருத்திய கணக்கு. பெரும்பாலான மாதங்களில் இரண்டும் ஒன்றாகவே போகும். சில மாதங்களில் திதி சில மணி நேரம் முந்திப் பிந்தி, விரதம் ஒரு வீட்டுக்கு இன்றும் மற்ற வீட்டுக்கு நாளையும் விழும். எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் எவரும் அதை நினைப்பதில்லை. அவரவர் வீட்டில் சுவரில் தொங்குவதுதான் அமாவாசை. மற்றவர்களுடையது மற்றவர்களின் கிறுக்கு, விசர். மூன்று வருடமாக நான் மதிலுக்கு மதில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். அது ஒரு விடயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன்.

"மிஸ், உங்கடை வீட்டிலை எந்தப் பஞ்சாங்கம்?"

"திருக்கணிதம். ஏன் கேக்கிறீர்?"

"நாங்கள் வாக்கியம்."

தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, மெதுவாக, "ஐயோ" என்றார். பிறகு, சத்தமாக, "நான் ஒரு மாடு. ஜெயரூபன், நான் ஒரு மாடு. அமாவாசையோ எண்டு கேட்டனே ஒழிய ஆரின்ரை அமாவாசை எண்டு கேக்கேல்லை. ரெண்டு கிழமையா இந்தத் திகதியளோடை மண்டையை உடைக்கிறன். எங்கடை அம்மான்ரை கலண்டரை உலகத்துக்கே பொதுவெண்டு நினைச்சிட்டன்."

"அப்ப பிழை ஒண்டும் இல்லைத்தானே மிஸ்?"

"பிழை இருக்கு. என்ரை பிழை. உங்கடை இல்லை." பிறகு அவருடைய குரல் மாறியது. "பொறும். உங்கடை ஒழுங்கையிலை இண்டைக்குக் காகம் எங்கை நிக்குது?"

"வாகீசன் அண்ணை வீட்டிலை."

"உங்கடை மதிலிலை?"

"ஒண்டும் இல்லை."

"ஒரே ஒழுங்கை. ஒரே கோயில் மணி. ஒரே சந்திரன்" என்றார். அவர் சிரிக்கத் தொடங்கியது கேட்டது. "அவங்கள் பிழை எண்ட பதினொரு வீடும்தான் இந்தக் கட்டுரையிலேயே திறமான பகுதி. காகம் சந்திரனைப் பார்க்கேல்லை. வீட்டைத்தான் பார்க்குது."

அன்று பின்னேரத்துக்குள் நாற்பத்தொரு பேருக்கும் வட்ஸ்அப்பில் ஒரே கேள்வி போனது. அடுத்த நாள் பதில் முழுவதும் வந்துவிட்டது. மூன்று வருடத்தில் ஏழு மாதங்கள் பிரிந்திருந்தன. பதினொரு வீடுகளும் அந்த ஏழு மாதங்களில்தான் முட்டின. ஒன்றுகூட மிச்சமில்லை.

*

நிறுவகம் நல்லூரில், கோயிலுக்குப் பின்னால், ரியூசன் நிலையங்களுக்கு நடுவில் ஒரு மாடி வீடு. வியாழக்கிழமை வேலை முடிந்து நேரே போனேன். என் மேல் ஐஸ் அறையின் அமோனியா மணம் இருந்திருக்கும். இருக்கட்டும்.

மிஸ்ஸை நேரில் கண்டேன். திரையில் தெரிந்ததைவிடக் குள்ளம். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர் போனிலை மெலிவு."

"நீங்கள் போனிலை உயரம் மிஸ்."

"சரி, வாரும்" என்றார். கையில் இரண்டு பஞ்சாங்கம்.

மேசைக்கு அந்தப் பக்கம் பேராசிரியர் சோமசேகரம். விலங்கியலில் முப்பது வருடம். பருத்த, மரியாதையான மனிதர், நெற்றியில் திருநீறு மெல்லிய கோடாக. மோசமான ஆள் என்று சொல்ல மாட்டேன். எல்லாம் எப்போதும் போல இருக்க வேண்டும் என்று விரும்புகிற ஆள். சுவரில் ஒரு பெரிய திரை. அதில் கொழும்பிலிருந்து புள்ளிவிபரக்காரர் கொலின்ஸ், இளையவர், கழுத்தில் சின்னச் சிலுவை.

மிஸ் இரண்டு பஞ்சாங்கத்தையும் விரித்து வைத்து விளக்கினார். எட்டு நிமிடத்தில் முடித்தார்.

கொலின்ஸ் திரைக்கு அருகே குனிந்தார். "மன்னிக்கோணும். நான் வேதக்காரன். உங்களிட்டை அமாவாசை ரெண்டு வகை இருக்கெண்டு எனக்கு ஆர் சொன்னவை?"

"ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார் மிஸ். "நானும் படிவத்திலை கேக்கேல்லை. அது என்ரை கவனக்குறைவு, எழுதித் தாறன். தரவு பொய் இல்லை."

சோமசேகரம் பேனாவை மேசையில் தட்டினார். "கலாநிதி சுபாஜினி, இது விஞ்ஞானக் கட்டுரை. விஞ்ஞானத்துக்குள்ளை பஞ்சாங்கத்தைக் கொண்டு வரேலுமோ? உலகத்திலை பார்த்தால் அமாவாசை ஒண்டுதானே?"

"வானத்திலை ஒண்டு சேர். மதிலிலை ரெண்டு."

"உது பகிடி."

நான் கதைக்க வந்தவன் இல்லை. கையெழுத்து வைக்கக் கூப்பிடப்பட்டவன். ஆனாலும் கேட்டேன்.

"சேர், உங்கடை வீட்டிலை எந்தப் பஞ்சாங்கம்?"

"வாக்கியம்" என்றார், யோசிக்காமல்.

"அன்ரி பிறந்த வீட்டாக்கள்?"

"அவையள் திருக்கணி..." என்று தொடங்கி நிறுத்தினார். திரையில் கொலின்ஸ் வாயைக் கையால் மூடிக்கொண்டார். மிஸ் என்னைப் பார்க்கவே இல்லை. ஆனால் அவரின் காது சிவந்திருந்தது, சிரிப்பை அடக்கினால் அப்படி ஆகும்.

பிறகு மிஸ் என் படிவங்களில் ஒன்றை எடுத்து வாசித்தார். போன வருடம் பங்குனியில், எங்கள் அமாவாசைக்கு முதல் நாள், 'வேறு குறிப்புகள்' என்ற இடத்தில் நான் எழுதியது: "இன்று எங்கள் மதிலில் காகம் இல்லை. முன்வீட்டு மதிலில் ஐந்து. அங்கே சாம்பார் மணக்கிறது. நாளைக்குத்தான் எங்கள் முறை."

"இதை நித்திரைத் தூக்கத்திலை எழுதினது எண்டோ சொல்லுறியள்?" என்றார்.

கொலின்ஸ் சொன்னார்: "எனக்கு இது காணும். ஆனா நானும் ஒருக்காக் கண்ணாலை பார்க்கோணும். அடுத்த முறை ரெண்டும் எப்ப பிரியுது?"

"நாலு மாதத்திலை" என்றார் மிஸ். ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார்.

சோமசேகரம் கதிரையில் சாய்ந்தார். அவருடைய குரல் இப்போது இன்னும் கனிவாக இருந்தது. அதுதான் ஆபத்து என்று எனக்குத் தெரியும். எங்கள் முகாமையாளரும் ஆளை வேலையால் நிற்பாட்ட முதல் இப்படித்தான் கதைப்பார்.

"நாலு மாதம் ஏன் இழுபடுவான்? சரி, திகதியை விடுவம். ஒன்பது பேர் பதிவே இல்லாத ஆக்கள். இந்தத் தம்பியும்தான். ஒரு ஐஸ் பக்டரித் தொழிலாளியை ஆய்வாளர் எண்டு நாங்கள் எப்பிடிக் காட்டுறது? அந்த ஒன்பது பேரையும் எடுத்துவிடுங்கோ. அவையின்ரை தரவையும் எடுத்துவிடுங்கோ. மிச்சத்தோடை கட்டுரை நிக்கும். உங்கடை பதவியுயர்வுக் கோப்பு இந்தக் கிழமையே மேலை போகும். நானே கையெழுத்து வைக்கிறன்."

மிஸ் பஞ்சாங்கம் இரண்டையும் மூடி வைத்தார்.

"சேர்" என்றார் மிஸ், "எனக்குப் பேராசிரியர் பதவி வேணும். வேண்டாம் எண்டு பெரிய ஆள் மாதிரி நடிக்கமாட்டன். பதினாலு வருசம் எந்தத் துறை எண்டு கேட்டு ரெண்டு பக்கத்தாலையும் என்னை வாசலிலை வச்சிருந்தியள். பெயர்ப்பலகை எந்த அளவிலை வேணும் எண்டுகூட எனக்குத் தெரியும். நல்லா வேணும்."

"அப்ப என்ன யோசனை?"

"ஒரு பெயரும் வெட்டமாட்டன்."

"பிடிவாதம் பிடிக்காதேங்கோ."

"உங்கடை பதிவுப் புத்தகத்திலை இல்லாட்டி அவையள் காணாத ஆக்களோ? பாடத்தை விட்டவை, பார்க்கிறதை விடேல்லை. இணையவழியிலை படிப்பிச்சுப் பதினாலு வருசத்திலை நான் கண்ட முக்கியமான விசயமே அதுதான். அதை வெட்டிப்போட்டு நான் எதுக்குப் பேராசிரியர்?"

சோமசேகரம் அவரை விட்டு என் பக்கம் திரும்பினார். தட்டச்சு செய்த கடிதம் ஒன்றை நகர்த்தினார். பேனாவையும். "தம்பி, மிஸ் தன்ரை பிரச்சினையைப் பார்ப்பா. நீர் உம்மடை படிப்பை யோசியும்."

யோசித்தேன். பொய் சொல்ல வேண்டாம், நன்றாகவே யோசித்தேன். குசினி வாசலில் அம்மா நின்ற விதத்தை யோசித்தேன். ஐஸ் கட்டிகளை இன்னும் இருபது வருடம் இழுப்பதை யோசித்தேன். பிறகு பேனாவை எடுத்து, தட்டச்சு வரிகளைக் குறுக்கே ஒரே கோட்டால் வெட்டினேன். கீழே எழுதினேன்: "நான் பார்த்தேன். பார்த்ததை எழுதினேன். ஜெயரூபன், இலக்கம் 17." கையெழுத்து வைத்துத் திருப்பித் தள்ளினேன்.

"உது நான் கேட்ட கடிதம் இல்லை."

"எனக்குத் தெரியும் சேர்."

வெளியே படியில் மிஸ் எனக்கு ஒரு தேத்தண்ணி வாங்கித் தந்தார். நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

"திரும்பப் படிக்க விருப்பம் எண்டால் நேர் வழியிலை விண்ணப்பியும். நான் தடுக்கவும் மாட்டன், தள்ளவும் மாட்டன்."

"விருப்பம் இல்லை மிஸ்."

"சரி. படிவத்திலை ஒரு புதுப் பெட்டி போட்டிருக்கிறன். பஞ்சாங்கம். மறக்காமல் நிரப்பும்" என்றார்.

வீட்டில் அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது, "வெட்டின கோடு நேராப் போட்டனியோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"அதையாவது செய்தாய்" என்றார்.

*

நாலு மாதம் ஆய்விதழ் பொறுத்தது. கோப்பு பொறுத்தது. 'மேலதிக விளக்கம் கிடைக்கும் வரை நிறுத்தி வைக்கப்படுகிறது' என்று மிஸ்ஸுக்குக் கடிதம். அவர் அதைப் படம் எடுத்து எங்கள் குழுவில் போட்டார். கீழே ஒரு வரி: "காகம் வாசிக்கக் கூடிய மொழியில் விளக்கம் வரும்."

கொலின்ஸ் கேட்ட சோதனை எங்கள் ஒழுங்கையில்தான் என்று முடிவானது. ஒரே ஒழுங்கையில் இரண்டு பஞ்சாங்கக்காரர் நேருக்கு நேர் இருக்கும் இடம் இதுதான். என் போன் எங்கள் மதிலைப் பார்க்க, மிஸ் கொண்டு வந்த போன் வாகீசன் அண்ணையின் மதிலைப் பார்க்க, நாற்பது வீட்டுக்காரரும் கொலின்ஸும் சோமசேகரமும் அவரவர் இடத்திலிருந்து சூம் வீடியோ அழைப்பில். நல்லூர் வீட்டிலிருந்த சோமசேகரத்தின் கட்டம் கறுப்பு. கமராவை மூடியிருந்தார்.

முதல் நாள் வாகீசன் அண்ணையின் அமாவாசை. அவர் கமராவுக்காகச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

"அண்ணை, கழட்டுங்கோ. காகம் ஆளை மாறிப்போடும்" என்றேன்.

"டேய், உலகம் முழுக்கப் பார்க்குது."

"நாற்பது பேர்தான் பார்க்கினம். கழட்டுங்கோ."

கழற்றினார். பதினொன்று நாற்பதுக்கு முதல் காகம் அவருடைய மதிலில். ஐம்பதுக்கு நாலு. எங்கள் மதிலில் ஓர் ஓணான். கொலின்ஸ் எழுதிக்கொண்டே இருந்தார்.

அடுத்த நாள்தான் சோதனை. முதல் நாள் தின்ற காகங்களுக்கு வாகீசன் அண்ணையின் மதில் புதிதாக ஞாபகத்தில் இருக்கும். அதை விட்டு எங்களிடம் வர வேண்டும். வராவிட்டால் கட்டுரை இல்லை, பதவி இல்லை, நாற்பத்தொரு பெயர்களும் பொய்யர்களின் பெயர்கள். பதினொன்றரை. ஒன்றும் இல்லை. பதினொன்று நாற்பது. ஒன்றும் இல்லை. மிஸ் எங்கள் முற்றத்தில் கதிரையில் இருந்தார், கைகளைக் கட்டிக்கொண்டு.

"அம்மாவைக் கெதியா முழுகச் சொல்லட்டோ மிஸ்?"

"ஒண்டும் மாத்தாதேயும். எண்டைக்கும் எப்பிடியோ அப்பிடி."

அம்மா என்றைக்கும் போல ஆறுதலாக முழுகினார். ஈரத் தலையைத் துவாயால் முடிந்து, வாசலில் தண்ணீர் தெளித்து, வாழையிலை வெட்ட வளவுக்குள் போனார். கத்தி இலையில் பட்ட சத்தத்தோடு, மின்கம்பியிலிருந்து ஒரு காகம் இறங்கி எங்கள் மதிலில் இருந்தது. பதினொன்று ஐம்பத்திரண்டு. அடுத்தது ஐம்பத்துமூன்று. பிறகு இரண்டு ஒன்றாக. அடுப்பில் இன்னும் சோறு வடிக்கவில்லை. வாகீசன் அண்ணையின் மதில் வெறுமை. அவர் அங்கே நின்று, "நன்றி கெட்டதுகள்!" என்று கத்தினார்.

போனில் கொலின்ஸ் சொன்னது கேட்டது. "நான் கண்டிட்டன். எனக்குப் போதும். எழுதித் தாறன்."

மிஸ் கைகளை அவிழ்த்தார். அவ்வளவுதான்.

பன்னிரண்டு பதினைந்துக்கு அம்மா இலையை மதிலில் வைத்துக் கூப்பிட்டார். காகங்கள் தலையைச் சரித்துப் பார்த்தன, தின்னவில்லை. அப்போதுதான் போனிலிருந்து இன்னொரு குரல் வந்தது. ஒரு பெண் குரல், தூரத்தில், நன்றாக நீட்டி:

"கா... கா... கா..."

எங்கள் ஒழுங்கையில் இல்லை. சூமில். எல்லோரும் திரையைப் பார்த்தோம். சோமசேகரத்தின் கறுப்புக் கட்டத்தைச் சுற்றி, பேசுகிறவரைக் காட்டும் பச்சைக் கோடு எரிந்தது. கமராவை மூடியவர் மைக்கை மூட மறந்துவிட்டார்.

"இஞ்சேருங்கோ," அந்தக் குரல் கிட்ட வந்தது, "காகம் வந்திட்டுது, அந்தப் போனை வச்சிட்டுச் சாப்பிட வாங்கோ. எத்தினை மணி மட்டும் பசியோடை இருப்பியள்?"

நாற்பது கட்டங்களில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர் குனியவில்லை. வாகீசன் அண்ணை ஒழுங்கையைத் தாண்டி வந்து திரையைப் பார்த்து, "ஆர், அவரும் வாக்கியமோ?" என்றார்.

மிஸ் போனைக் கையில் எடுத்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"சேர், உங்கடை மதிலுக்குக் காகம் எத்தினை மணிக்கு வந்தது?"

பச்சைக் கோடு எரிந்துகொண்டே இருந்தது. சேர் சூமை மூடிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. ஏதோ ஒரு கதிரை நகர்ந்த சத்தம்.

"சோறு வைக்க முதல்" என்றார் சோமசேகரம். "பன்னிரண்டு ஆறு."

"எத்தினை காகம்?"

"மூண்டு."

மிஸ் தன் போனில் படிவத்தைத் திறந்தார். சத்தமாகச் சொல்லிச் சொல்லியே நிரப்பினார். "இலக்கம் நாற்பத்திரண்டு. நல்லூர். பஞ்சாங்கம், வாக்கியம். காகம் மூண்டு, பன்னிரண்டு ஆறு." கொஞ்சம் நிறுத்தினார். "பதிவு செய்யப்படாதவர்."

பச்சைக் கோடு அணைந்தது.

கட்டுரை இப்போது அச்சில் இருக்கிறது. திருத்தம் ஒன்றோடு, எல்லாப் பெயர்களோடும். பதவியுயர்வுக் கோப்பு மேலே போய்விட்டது என்கிறார்கள், யாருடைய மேசையில் கிடக்கிறது என்று எவருக்கும் தெரியாது. மிஸ் ஒவ்வொரு திங்கட்கிழமையும் போன் எடுத்துக் கேட்கிறார். கேட்டுக்கொண்டே இருப்பார். நான் இன்னும் ஐஸ் இழுக்கிறேன். திரும்பிப் படிக்கவில்லை, படிக்கப் போவதாகவும் இல்லை.

அன்று எங்கள் மதிலில் முதல் காகம் வாய் வைத்தது பன்னிரண்டு இருபத்தொன்றுக்கு. முதலில் எடுத்தது வடை. எழுதி அனுப்பிவிட்டுப் போய்ச் சாப்பிட இலையில் உட்கார்ந்தேன்.